மலிவு வேன் வாங்கலாமா?

தோட்டத்துச் சங்கப் பணத்தில் பழைய வேன் ஒன்று வாங்கலாமா என்ற பேச்சு எம்மிடையே அடிக்கடி எழுகிறது. நோக்கம் நல்லதே. அவசர நோயாளிக்கு 1990 இலவச அம்புலன்ஸ் உண்டு. ஆனால் பதுளை கிளினிக்குக்குப் போகும் முதியோருக்கும் தூரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வாகனம் தேவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கினாலும், வரிச்சுமையால் புதிய வேன் எமக்கு எட்டாக்கனியே. ஆகவே மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓடிய வேன்தான் கண்ணில் படுகிறது.

மீற்றரைத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. அதை நம்பி விலை பேசக் கூடாது. மலை இறக்கத்தில் உயிரைக் காப்பது பிரேக். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையருகே பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை மறந்தோமா? எமது பாதைகள் சிறு பிழையையும் பொறுப்பதில்லை.

எமது கருத்து இதுதான்: கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுக்கலாகாது. மூன்றில் ஒரு பங்கைப் பிரேக், டயர், கிளட்ச் வேலைக்கு ஒதுக்க வேண்டும். விற்பவருக்கு வேண்டாத மெக்கானிக் ஒருவரோடு, ஆட்களை ஏற்றி நமுனுகுல ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். லீசிங் கடன் உண்டா என்று பதிவுப் புத்தகத்தில் பார்க்க வேண்டும். காப்புறுதி, புகைச் சான்றிதழ், வருட லைசன் செலவையும் கணக்கிட வேண்டும். இவற்றுக்குப் பணம் போதாதெனில் இவ்வருடம் வாங்காமல் சேமிப்பைத் தொடர்வோம். ஏறப்போகிறவர்கள் எமது பிள்ளைகளல்லவா?