கை வேண்டும், அனுபவம் வேண்டாமா?

பதினைந்து வருஷம் ஒரு மில்லில் வேலை செய்த தொழிலாளி வேறு மில்லுக்குப் போகிறார். "பழைய சர்வீஸ் இங்கே செல்லாது, பதிலியாக நில்" என்கிறது நிர்வாகம். மிஷினும் அதேதான், நூலும் அதேதான். கூலி மட்டும் புதுப் பையனுடைய கூலி. பிரிட்டனின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு நர்ஸுகளுக்கு இழைக்கப்படுவதும் இதே அநியாயம்தான்.

இது நேற்று ஆரம்பித்ததல்ல. 1948-ல் அங்கே தேசிய சுகாதார சேவை ஏற்பட்டது. ஏழைக்கும் இலவச வைத்தியம் என்ற அந்த ஏற்பாட்டை நாம் பாராட்டவே செய்கிறோம். ஆனால் அதை நடத்த ஆள் போதவில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இளம் பெண்களை வரவழைத்தார்கள். மூன்று வருஷப் பயிற்சி பெற்றால் முழு நர்ஸ். இரண்டு வருஷம் என்றால் கீழ்த்தர நர்ஸ். வித்தியாசத்தை விளக்காமலே அப்பெண்களில் பலரை இரண்டாவதில் தள்ளினார்கள். அதில் சேர்ந்தவர் எத்தனை வருஷம் உழைத்தாலும் ஸிஸ்டர் ஆக முடியாது. (நம் ஊரில் எந்த நர்ஸையும் ஸிஸ்டர் என்று கூப்பிடுகிறோம். அங்கே அது பதவி; வார்டையே நடத்துகிறவர் ஸிஸ்டர்.)

அந்த இரண்டு வருஷப் படிப்பு ஒழிந்துவிட்டது. தடை ஒழியவில்லை. இன்று கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போகிற நர்ஸ் இங்கிலீஷ் பரீட்சை, எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை எல்லாவற்றிலும் தேற வேண்டும். இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. தேறிய பிறகு நடப்பதுதான் கேள்வி. தீவிர சிகிச்சை வார்டில் பத்து வருஷம் இரவு பகல் நின்றவரையும், நேற்றுப் படிப்பை முடித்தவரையும் ஒரே ஐந்தாம் கிரேடில் நிறுத்துகிறார்கள். வெளியே செய்த சர்வீஸைக் கணக்கில் சேர்க்க நிர்வாகத்துக்கு "விருப்ப அதிகாரம்" உண்டு என்று சேவை விதி சொல்கிறது. முதலாளியின் விருப்பம் எந்தப் பக்கம் சாயும் என்பதை மில் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

2023-ம் வருஷ அறிக்கைப்படி, இங்கிலாந்தில் இச்சேவையின் ஊழியர்களில் நூற்றுக்கு 26 பேர் வெள்ளையரல்லாதவர். உச்ச நிர்வாகப் பதவிகளிலோ நூற்றுக்கு 11 பேர்தான். அங்கேயே பிறந்தவர்களையும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது!

"வெளிநாட்டார் வந்து நம் கூலியைக் குறைக்கிறார்கள்" என்று அங்கேயும் சிலர் பேசுகிறார்கள். குறைப்பது யார்? பத்து வருஷத் திறமையை ஆரம்பச் சம்பளத்துக்கு வாங்குகிற நிர்வாகம். இதனால் உள்ளூர் நர்ஸுக்கும் நஷ்டமே.

எதிர்த்தால் பலன் உண்டு. தாம் வேலை செய்யும் அதே சேவைக்காக வெளிநாட்டு நர்ஸுகளிடம் வருஷத்துக்கு 400 பவுண்டு கட்டணம் பறித்து வந்தார்கள். கொரோனா காலத்தில், 2020 மே மாதம், பலத்த எதிர்ப்பின் முன் பிரதமர் ஜான்ஸன் பின்வாங்கினார். 2022 டிசம்பரில் ராயல் நர்ஸிங் காலேஜ் பெரும் வேலைநிறுத்தம் செய்தது. பெயர்தான் காலேஜ், அது நர்ஸுகளின் சங்கம். 2024-ல் அதன் தலைவராக, ஆலப்புழை ஜில்லாவிலிருந்து போன பிஜோய் செபாஸ்டியன் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த நிர்வாகமும் அவரை நியமிக்கவில்லை. அங்கத்தினர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

ஒருவர் மேலே வந்ததால் வார்டுகளில் நிலைமை மாறிவிடாது. "விருப்ப அதிகாரம்" என்ற சொல்லை விதியிலிருந்து எடுக்க வேண்டும். எந்த நாட்டில் செய்த சர்வீஸும் முதல் மாதச் சம்பளத்திலேயே கணக்கில் வர வேண்டும். ஸிஸ்டர் பதவி காலியானால், அந்த அறிவிப்பு நைட் ஷிப்டில் நிற்கும் நர்ஸின் கண்ணிலும் பட வேண்டும்.