'சுகர் ஃப்ரீ' பனானா பிரெட்னு விற்கறாங்களே, அது கேக்தான்

"நாட்டுச்சர்க்கரை போட்டது, மைதா கிடையாது, சுகர் பேஷண்ட்டும் தாராளமா சாப்பிடலாம்." பனானா பிரெட் விற்கற இன்ஸ்டா பேஜ்கள்ல அடிக்கடி கண்ணுல படற வரி. இது பொய். ஏன் பொய்னு ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல பேரு. பிரெட்னு சொன்னதும் நம்ம ஆட்கள் இதை காய்ச்சல்காரருக்கு வாங்கித் தர்ற பிரெட் வரிசையில வெச்சுடறாங்க. இதுல ஈஸ்ட் இல்ல, மாவு புளிக்க வைக்கறதும் இல்ல. சோடா மாவும் புளிப்பும் சேர்ந்து கிளம்பற வாயுவுலதான் உப்புது. அமெரிக்காவுல 1930-கள்ல பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடரோட சேர்ந்து வீட்டுக்கு வீடு பரவின பண்டம். நீள டின்ல வேகறதால பிரெட். அதே மாவை வட்ட டின்ல ஊத்தினா நீங்களே கேக்னுதான் சொல்வீங்க.

இப்போ கணக்கு. நான் சுகர் ஸ்பெஷலிஸ்ட் கூட இல்ல, ஜெனரல் ஓபியில உட்கார்ற எம்.பி.பி.எஸ்.தான். இதுக்குக் கூட்டல் தெரிஞ்சா போதும்.

வழக்கமான ரெசிபி: கோதுமை மாவு 250 கிராம், நாட்டுச்சர்க்கரை 150 கிராம், தோல் உரிச்ச பழம் 300 கிராம், எண்ணெய், ரெண்டு முட்டை. மாவுல இருந்து சுமார் 170 கிராம் மாவுச்சத்து, சர்க்கரையில இருந்து 140, பழத்துல இருந்து 65. பத்து துண்டு போட்டா ஒரு துண்டுக்கு 35 கிராமுக்கு மேல. அதாவது ரெண்டு மூணு இட்லிக்குச் சமம். இட்லின்னா எண்ணிச் சாப்பிடுவோம். இதை யாரும் எண்றதில்ல, 'ஹெல்தி'னு எழுதியிருக்கே!

"நாட்டுச்சர்க்கரை இயற்கை டாக்டர்." வெள்ளைச் சர்க்கரையும் கரும்புல இருந்துதான் வருது. நாட்டுச்சர்க்கரையிலயும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கு, உங்க கணையத்துக்கு அதனால ஒரு சலுகையும் இல்ல. பேரீச்சை விழுது, தேன் எல்லாத்துக்கும் இதே பதில். மைதாவுக்கு பதில் கோதுமை மாவுன்னா நார்ச்சத்து கொஞ்சம் கூடும், நல்லதுதான். ஆனா நைஸா அரைச்ச கோதுமை மாவும் கடைசியில குளுக்கோஸாத்தான் ரத்தத்துக்குப் போகுது.

அந்த ஈரப்பதம் எங்கேருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? காய்ல இருக்கற மாவுச்சத்து பழுக்கப் பழுக்க சர்க்கரையா மாறும். அதனாலதான் தோல் கறுத்துப்போன பழமா எடுக்கச் சொல்றாங்க. பழத்துல இருக்கற தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கறது சர்க்கரை. மூணாம் நாளும் மெத்துனு இருக்கறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். இனிப்பைப் பாதியாக் குறைச்சுச் செஞ்சு பாருங்க, ஆறினதும் வறண்டுடும். பேக் பண்றவங்களுக்கு இது என்னைவிட நல்லாவே தெரியும்.

சட்டம் என்ன சொல்லுது? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி 100 கிராம்ல 0.5 கிராமுக்கு மேல சர்க்கரை இருந்தா 'சுகர் ஃப்ரீ'னு போடக் கூடாது. மேல சொன்ன கேக்ல 100 கிராமுக்கு 20 கிராம் வரும். 40 மடங்கு.

போன மாசம் ஓபிக்கு ஒரு அம்மா வந்தாங்க. மாத்திரை ஒழுங்கா போடறாங்க, சுகர் 340. காலையில என்னம்மா சாப்பிட்டீங்கன்னு கேட்டா, "இட்லியே நிறுத்திட்டேன் சார், பையன் சுகர் இல்லாத வாழைப்பழ பிரெட் வாங்கித் தரான், ரெண்டு துண்டு." பையன் பாசத்துல வாங்கியிருக்கான், காசும் அதிகம் கொடுத்திருக்கான். அவன்மேல எனக்குக் கோபம் இல்ல. லேபிள் எழுதினவங்கமேல இருக்கு. 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய்னு சொல்லுது. அவங்களைக் குறிவெச்சு ஒரு பொய்யை விற்கறது சின்ன விஷயமா?

வீட்டுல இருந்து பேக் பண்ணி சம்பாதிக்கற அக்கா தங்கச்சிங்க வயித்துல அடிக்கறேன்னு வராதீங்க. வித்துக்கோங்க, நல்லா இருக்கு, நானும் சாப்பிடுவேன். 'வாழைப்பழ கேக், நாட்டுச்சர்க்கரை 150 கிராம்'னு எழுதி வித்தா என்ன குறைஞ்சுடும்? 'சுகர் பேஷண்ட் சாப்பிடலாம்'ங்கற வரியை மட்டும் எடுங்க.

சுகர் இருக்கறவங்களுக்கு: ஆசையா இருந்தா மெல்லிசா ஒரு துண்டு, சாப்பாட்டுக்கு மேல இல்ல, சாப்பாட்டுல அந்த அளவைக் குறைச்சுக்கிட்டு. ரெண்டு மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல பாருங்க. கேக் சாப்பிட்டதுக்காக நீங்களா கூட ஒரு மாத்திரை போடாதீங்க, சுகர் தாழ்ந்து மயங்கி வந்தவங்களையும் பார்த்திருக்கேன். சிறுநீரகப் பிரச்சினைக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தா, இதுல வாழைப்பழம் இருக்குங்கறதை மறக்க வேண்டாம்.

அடுத்து ஸ்டீவியா போட்டா ஓகேவான்னு கேப்பீங்க. சேர்த்த சர்க்கரை போகும், ஈரப்பதமும் கூடவே குறையும். மாவும் பழமும் அப்படியேதான் இருக்கும், துண்டுக்கு 20 கிராமுக்கு மேல.