பட்டியலில் பெயர், மன்றத்தில் குரல்

1983 ஏப்ரல் 12ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ மாநகரம் ஹரோல்ட் வாஷிங்டனை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அந்நகரின் முதல் கறுப்பின மேயர் அவர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம் இத்தேர்தலைப் பாடமாகவே படிக்க வேண்டும்.

சிகாகோவின் கறுப்பின மக்கள் யார்? மிசிசிப்பி முதலிய தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் உழன்று, நிறவெறிக்கும் வறுமைக்கும் தப்பி, மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறி வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இறைச்சிக் கூடங்களிலும் இரும்பாலைகளிலும் உழைத்து அந்நகரை வளர்த்தவர்கள். 1980இல் நகர மக்களில் ஏறத்தாழ 40 சதவிகிதம் அவர்களே.

ஆனால் அதிகாரம் யார் கையில் இருந்தது? ரிச்சர்ட் டேலி மேயராயிருந்த 1955 முதல் 1976 வரை, ஜனநாயகக் கட்சியின் வார்டுத் தலைவர்கள் வைத்ததே சட்டம். வாக்கைக் கொடு, வேலையை வாங்கிக்கொள் என்பதே பேரம். கறுப்பின மக்களின் வாக்கு வேண்டும். அவர்களின் தலைமை வேண்டாம்!

1982இல், மேயர் ஜேன் பைர்ன் வீட்டு வசதி வாரியத்தில் கறுப்பின உறுப்பினர்களின் இடத்தில் வெள்ளையரை நியமித்தார். மக்கள் கொதித்தெழுந்தனர். ஆனால் வெறும் கோபத்தோடு நின்றுவிடவில்லை. தேவாலயங்களும் சமூக அமைப்புகளும் தெருத் தெருவாகச் சென்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக வாக்காளராகப் பதிவு செய்துகொண்டனர்.

1983 பிப்ரவரியில் கட்சிக்குள் நடந்த தேர்தலில் பைர்னும் டேலியின் மகனும் வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, வாஷிங்டன் வென்றார். உடனே சொந்தக் கட்சியின் வெள்ளைத் தலைவர்கள் பலர், எதிர்க்கட்சி வேட்பாளர் எப்டன் பக்கம் சாய்ந்தனர். கட்சியைவிட நிறம் பெரிதாகிவிட்டது! லத்தீன் அமெரிக்க வழியினரும் நேர்மையுள்ள வெள்ளையரில் ஒரு பகுதியினரும் கைகொடுக்க, வாஷிங்டன் வென்றார். பதிவான சுமார் 13 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 50 ஆயிரத்துக்கும் குறைவு. புதிதாகப் பட்டியலில் ஏறிய பெயர்களோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்!

வெற்றியோடு போராட்டம் முடிந்ததா? இல்லை. 50 பேர் கொண்ட மாநகர மன்றத்தில் 29 பேர் ஓரணியாக நின்று முட்டுக்கட்டை போட்டனர். வார்டு எல்லைகளை மாற்றியமைக்க நீதிமன்றம் ஆணையிட்டு, 1986இல் 7 வார்டுகளில் மறுதேர்தல் நடந்த பிறகே இரு தரப்பும் 25க்கு 25 ஆயின. மேயரின் வாக்கு முடிவு செய்தது. 1987இல் மீண்டும் வென்ற அவர், அவ்வாண்டு நவம்பரிலேயே பதவியிலிருந்தபடி மறைந்தார். ஒரு நாற்காலியைப் பிடித்தால் போதாது. ஒவ்வொரு வார்டும் முக்கியம் என்பதை அந்த மூன்றாண்டுகள் கற்பித்தன.

நம் நிலை என்ன? குழாயும் கழிப்பறையும் பள்ளியும் நாம் வாழும் இந்நகரின் மாநகராட்சி கையில். நம்மில் பலருடைய வாக்கோ, திருவிழாவுக்கு மட்டும் போகும் ஊரில்! இரண்டு இடங்களில் பெயர் வைத்திருக்கச் சட்டம் இடந்தராது. ஆனால் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பதிவு செய்துகொள்ள உரிமை உண்டு. சொந்த வீடு இருக்க வேண்டுமென்பதில்லை. ஊரை மறக்கச் சொல்லவில்லை. அடுப்பெரியும் இடத்தில் வாக்கும் இருக்கட்டும் என்கிறோம்.

குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளின் பெயரையும், வீட்டுப் பெண்களின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதில் பயனில்லை; இன்றே தொடங்குவோம்!