நூத்தியெட்டு பீஸ் பெட்டியும் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரும்

அக்கா மகன் ஐடிஐ-ல மோட்டார் மெக்கானிக் ரெண்டு வருஷம் முடிச்சுட்டு, உத்தமபாளையத்துல ஒரு ஒர்க் ஷாப்புல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. சேரும்போதே சொல்லிட்டாங்களாம், சாமான் உன்னோடதுதான்னு. சரின்னு அக்கா சீட்டுப் பணத்துலருந்து நாலாயிரத்து ஐநூறு எடுத்துக் குடுத்து, ஆன்லைன்ல ஒரு பெட்டி வாங்கியிருக்கு. நீலக் கலர். தொறந்தா நகைக்கடை மாதிரி மினுமினுன்னு நூத்தியெட்டு பீஸ். வீட்டுல சாமி படத்துக்கு முன்னாடி வச்சு சந்தனம், குங்குமமெல்லாம் வச்சாச்சு.

மூணாவது வாரம் ஒரு ஜீப் வந்திருக்கு. முப்பது வருஷத்துப் பழைய மகிந்திரா. காலையில கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போய் சாயங்காலம் இறக்கிட்டு வர்ற வண்டி. பின்னாடி பிரேக்ல ஆயில் கசியுது. வீல் சிலிண்டரைக் கழட்டணும். பையன் பதிமூணாம் நம்பர் பாக்ஸை மாட்டி அழுத்தியிருக்கான். முதல்ல போல்டோட மூலை மழுங்கிருச்சு. விடாம இன்னும் அழுத்த, பாக்ஸே 'டக்'குனு வெடிச்சுக் கீறிருச்சு. கையும் பேக் பிளேட்ல அடிச்சு நாலு தையல். மழுங்கின போல்டை உளி வச்சு எடுக்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. ஜீப்புக்காரருக்கு ரெண்டு நாள் நடை போச்சு. போல்டுக்கும் லேத்துக்கும் ஆன செலவைப் பையன் சம்பளத்துல பிடிச்சுட்டாங்க.

தப்பு யாரு மேல? ஒர்க் ஷாப்புல சொன்னது: "பயலுக்குக் கை பழகல." நான் சொல்றது: கை பழகலதான், ஆனா அந்தப் பெட்டியை வாங்க வச்சதுதான் முதல் தப்பு. அதுல எனக்கும் பங்கு உண்டு. "நூத்தியெட்டு பீஸ் நாலாயிரத்து ஐநூறுன்னா ஒரு பீஸ் நாப்பத்தோரு ரூவாதான்டா"னு கணக்குப் போட்டுச் சொன்ன புத்திசாலி நான்தான் :-)

அந்த நூத்தியெட்டு என்னன்னு அப்புறம் உக்காந்து எண்ணிப் பாத்தேன். நாப்பது பீஸ் ஸ்க்ரூ டிரைவர் பிட். சுண்டு விரல் நீளம்கூட இல்லாத துண்டுக. பதினெட்டு அலன் கீ. கால் இஞ்ச் டிரைவ்ல நாலாம் நம்பர்லருந்து குட்டிக் குட்டி பாக்ஸ்க. அதுல பாதி, கார்ல எங்க மாட்டும்னு எனக்கே தெரியல. தினம் கையில இருக்க வேண்டிய 10, 12, 13, 14, 17, 19 ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதுவும் உள்ளே பன்னெண்டு முனை வெட்டினது. ரிங் ஸ்பேனர் மருந்துக்குக்கூட இல்ல.

பீஸ் கணக்கு பாத்து வாங்காதீங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான். எந்த வண்டி உங்க கடைக்கு வருதுன்னு முதல்ல பாருங்க.

மாருதி வகையறா எல்லாம் ஜப்பான் வழி. அதுல 10, 12, 14, 17 இந்த நாலுதான் அதிகம். டாடா, மகிந்திரா வண்டிகள்ல 10, 13, 17, 19. அதே 8 மி.மீ. போல்டுதான், ஜப்பான்காரன் தலையை 12 வைக்கிறான், ஐரோப்பா வழி வந்தவன் 13 வைக்கிறான். அதே மாதிரி 10 மி.மீ. போல்டுக்கு அங்க 14, இங்க 17. இது தெரிஞ்சுட்டா பாதிக் காசு மிச்சம். நூத்தியெட்டுல நூறு பீஸைத் தொடாமலே வருஷத்தை ஓட்டிரலாம்.

இனி நம்ம பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு சிக்கல். குமுளிப் பக்கமும் மெட்டுப் பக்கமும் ஓடுற பழைய ஜீப்ல ரெண்டு கணக்கு கலந்து கிடக்கு. மகிந்திரா ஆரம்பத்துல செஞ்சது அமெரிக்காக்காரன் வில்லிஸ் ஜீப்பைத்தான். அதனால பாடி, ஆக்சில், பிரேக் பக்கமெல்லாம் இஞ்ச் கணக்கு. அப்புறம் வந்த டீசல் என்ஜின் பிரெஞ்சுக்காரன் பெஜோ வழி, அது மில்லிமீட்டர். ஆக, பானட்டைத் தூக்கினா ஒரு நாடு, கீழ படுத்தா இன்னொரு நாடு.

அரை இஞ்ச்னா 12.7 மி.மீ. பதிமூணு போட்டா மாட்டும், ஆனா 0.3 ஆடும். புது போல்டுன்னா தாங்கிரும். மழையும் சேறும் தின்ன போல்டுன்னா மூலை போச்சு. 9/16 இஞ்ச்னா 14.29. பதினாலு உள்ளே போகாது, பதினஞ்சு லொடலொடன்னு ஆடும். 5/8-க்குப் பதினாறு சரியா உக்காரும். 3/4-க்குப் பத்தொன்பது இறுக்கிப் பிடிக்கும், ஏறுனா ஏறும். அக்கா மகன் மாட்டினது அரை இஞ்ச் தலையில பதிமூணு. அதுவும் பன்னெண்டு முனை பாக்ஸ். பன்னெண்டு முனை, தலையோட மூலைக்கிட்ட மட்டும்தான் பிடிக்கும். ஆறு முனை, பக்கவாட்டுல அணைச்சு பிடிக்கும். துருப்பிடிச்ச வேலைக்கு ஆறு முனைதான் சாமி. இதை எந்த ஐடிஐ பாடத்துல அழுத்திச் சொல்றாங்க? பையன்கிட்ட கேட்டேன், முழிச்சான்.

பழைய ஜீப் வேலை அடிக்கடி வந்தா 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 இந்த அஞ்சு இஞ்ச் சைஸும் தனியா வாங்கிருங்க. பழைய அம்பாசடரும் இஞ்ச் கணக்குதான். 2014-ல நின்னு போன வண்டின்னாலும் ஊருக்கு ஒண்ணு ரெண்டு இன்னும் நிக்குது, அதுக்கும் ஆகும்.

சரி, எந்தக் கம்பெனி? ஸ்நாப்-ஆன் வாங்குன்னு வீடியோவுல ஒருத்தர் சொல்றார். நல்ல சாமான், இல்லைங்கல. அமெரிக்காவுல மெக்கானிக் தன் காசுலதான் சாமான் வாங்கணும். வேன்ல கடை வாசலுக்கே கொண்டு வந்து வாரத் தவணையில குடுப்பாங்க. அந்தத் தவணையிலயே ஆயுசு போகுதுன்னு அங்க உள்ளவங்களே புலம்புறாங்க. நமக்கெதுக்கு அது? நம்ம நாட்டுல டப்பாரியா இருக்கு, சுவீடன்காரன் தொழில்நுட்பத்தோட 1969-லருந்து செய்றாங்க. பஞ்சாப்ல ஜலந்தர், லூதியானா பக்கம் ஸ்பேனர் அடிக்கிற பட்டறைகள் எக்கச்சக்கம். அங்க செஞ்சு வெளிநாட்டுக்கும் போகுது. இந்த நடுத்தர விலைச் சாமான் ஒரு ஆரம்பக்காரன் ஆயுசுக்கும் போதும். மேல இருக்கறது ஆசை, கீழ இருக்கறது ஆபத்து.

இன்னொரு வழி, பழைய சாமான். ரிட்டையர் ஆன மெக்கானிக் வீடுகள்ல சாக்குல கட்டிக் கிடக்கும். ஜலானி, கெடோர்னு பேர் குத்தின ஸ்பேனர் கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. வெளியே கருத்துத் துருவேறி இருந்தாலும் பரவாயில்ல, வாய் விரிஞ்சிருக்கான்னு மட்டும் பாருங்க. சென்னைக்குப் போற வேலை இருந்தா புதுப்பேட்டையில துழாவலாம். புதுசுக்கு பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு.

கடையில எப்படிப் பாக்கறது? பையில ரெண்டு புது போல்டு கொண்டு போங்க, ஒண்ணு 13 தலை, ஒண்ணு 17 தலை. ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பாருங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும். 'குரோம் வனாடியம்'னு குத்தியிருக்கேன்னு ஏமாறாதீங்க, எழுத்து குத்த அச்சு இருந்தாப் போதும். பிரபலமான பேர்ல ஒரு எழுத்தை மாத்தி வர்றதும் உண்டு. ஓபன் ஸ்பேனர்ல இந்தியத் தர நிர்ணய எண் 2028, ரிங்ல 2029 இருக்கான்னு பாருங்க. முலாம் ரொம்பப் பளபளன்னு தடிப்பா இருந்தா யோசிங்க. அது உரிஞ்சு வந்தா பிளேடு மாதிரி உள்ளங்கையைக் கிழிக்கும்.

போன ஞாயித்துக்கிழமை மதுரைக்குப் போய் நானும் அவனும் வாங்கினது: ரிங்ல 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, ஆக அஞ்சு. அதே அஞ்சு ஓபன்ல. அரை இஞ்ச் டிரைவ்ல ஆறு முனை பாக்ஸ் உதிரியா ஆறு. ராட்செட் ஒண்ணு, எல் ஹேண்டில் ஒண்ணு. எட்டு இஞ்ச் கட்டிங் பிளேயர். ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு. அரைக்கிலோ சுத்தியல். மொத்தம் 3,800 சொச்சம். பெட்டியை விடக் கம்மி! இஞ்ச் சைஸ் அஞ்சும் அடுத்த மாசச் சம்பளத்துல.

எல் ஹேண்டில் எதுக்குன்னு கேட்டான். இறுகின நட்டை உடைக்கிறதுக்கு அதுதான். ராட்செட்ல பைப்பைச் சொருகித் தொங்குறவங்களைப் பாத்திருக்கேன். உள்ளே இருக்கிற பல்லு சின்னது, ஒரு நாள் பொசுக்குனு விடும், ஆளு மூஞ்சி பம்பர்ல இருக்கும்.

பிரேக் பைப் நட்டுக்கு மட்டும் ஓபன் ஸ்பேனர் போடாதீங்க. மெத்து நட்டு அது, ரெண்டு தடவையில உருண்டை ஆயிரும். அதுக்குன்னு ரிங்குல ஒரு பக்கம் வெட்டு விட்ட ஸ்பேனர் இருக்கு, பைப்பு நுழையற அளவுக்கு. ஒண்ணு வாங்கிருங்க. காசு இல்லன்னா பழைய ரிங்கை நம்ம ஊர் லேத்துல குடுத்து வெட்டிக்கலாம். கேரேஜ்ல பாதி ஸ்பெஷல் சாமான் அப்படிப் பிறந்ததுதான். ஹெட் போல்டு முறுக்குற டார்க் ரெஞ்ச் இப்போதைக்கு வேண்டாம், கடையோடதை வாங்கிப் போட்டுட்டுத் திருப்பி வைக்கலாம்.

சிக்கனம் பாக்கக் கூடாத இடம் ஒண்ணு உண்டு. ஜாக்கியில மட்டும் நிக்கிற வண்டிக்கு அடியில படுக்கறது. ஹைட்ராலிக் ஜாக்கியில ஒரு வாசர் போனாப் போதும். ஸ்டாண்டு வாங்கறது கடைக்காரர் பொறுப்பு. அது இல்லன்னா நல்ல மரக்கட்டையாவது அண்டக் குடுத்துட்டுப் படுறான்னு சொல்லியிருக்கேன். செங்கல், ஹாலோ பிளாக் ஆகவே ஆகாது.

இந்தச் சம்பளப் பிடித்தம் விஷயத்துக்கு வர்றேன். சாமானும் பையனோடது, சாமான் உடைஞ்சதால வந்த நஷ்டமும் பையனோடது. அப்ப முதலாளியோடது என்ன, போர்டு மட்டுமா? 1936-ல வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டத்துலயே, வேலையாளோட அஜாக்கிரதையால வந்த நஷ்டத்துக்குத்தான் பிடிக்கலாம், அதுவும் அவன்கிட்ட விளக்கம் கேட்ட பிறகுதான்னு எழுதி வச்சிருந்தாங்க. இங்க யாரு கேட்டா? "நாங்கள்லாம் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்"னு பெருமையாச் சொல்றாங்க பெரிய மெக்கானிக்குக. அண்ணே, உங்க காலத்துல குரு தன் ஸ்பேனரைக் குடுத்துல்ல கத்துக் குடுத்தாரு! அடியை மட்டும் ஞாபகம் வச்சிருக்கீங்க, ஸ்பேனரை மறந்துட்டீங்களே. குறைஞ்சது இஞ்ச் செட்டும் பிரேக் ஸ்பேனரும் கடைச் சாமானா இருக்கணும். மெட்டு ரோட்டுல அந்தப் பிரேக்கை நம்பி உக்காந்திருக்கறது ஏலக்காய் பறிக்கப் போற பொம்பளையாளுக.

அக்கா மகன் புது ஸ்பேனர் ஒவ்வொண்ணுலயும் பச்சைப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கான், காணாமப் போனா அடையாளம் காட்ட. தையல் பிரிச்சாச்சு. திங்கக்கிழமை வேலைக்குப் போறான். அதே ஜீப்புக்கு முன்பக்க பிரேக் பாக்கி இருக்காம். "அரை இஞ்ச் ரிங்கு ஒண்ணு மட்டும் இப்பவே வாங்கித் தர்றீங்களா மாமா?"ன்னு கேட்டிருக்கான். நாளைக்கு சின்னமனூர் போற வேலை இருக்கு, பாத்துட்டு வரணும்.