காலை ஏழரை மணிக் காற்று

பசுமைக் கட்டடம் என்கிறார்கள். 2003இல் ஐதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கட்டடம் லீட் பிளாட்டினம் சான்று வாங்கியதிலிருந்து இந்தப் பேச்சு நம் பக்கமும் வந்துவிட்டது. கிண்டி ஒலிம்பியாவுக்குத் தங்கச் சான்று. மின்சாரம், தண்ணீர் மிச்சத்துக்கு மட்டுமல்ல, உள்ளே இருப்பவருக்கு நல்ல காற்று, வெளிச்சம், இதமான குளிர்ச்சி தருவதற்கும் இதில் புள்ளிகள் உண்டு. நல்ல விஷயந்தான், கிண்டல் பண்ணவில்லை.

ஆனால் யாரைக் கேட்கிறார்கள்? 2013இல் அல்டொமோன்டே, ஸ்கியாவோன் என்ற இரு ஆய்வாளர்கள் 144 கட்டடங்களில் 21,000 பேருக்கு மேல் சொன்ன பதில்களை அலசினார்கள். சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் திருப்தியில் பெரிய வித்தியாசம் இல்லையாம். எனக்கு உறைத்தது வேறு. கேள்வித்தாள் கணினி வழியே போகிறது. மேசை உள்ளவருக்குப் போய்ச் சேரும். மேசையைத் துடைக்கிறவருக்கு?

ஏசி குளிருக்கான கணக்கே 40 வயது, 70 கிலோ ஆணின் உடம்பை வைத்துப் போட்டது என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். எங்கள் கிளையில் கவுண்ட்டர் பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு பணம் எண்ணுகிறார்கள். பெருக்க வரும் அக்காவுக்கு அந்தக் குளிரும் கிடையாது. ஏழரைக்கு வந்து ஒன்பதரைக்குப் போய்விடுவார். ஏசி ஓடுவது பத்து மணிக்கு. அடைத்த கண்ணாடிக்குள் பினாயில், ஆசிட் நெடி. "மொதல்ல மூச்சு முட்டும் சார், அப்புறம் பழகிடுச்சு"ன்னார். பெயின்ட் நெடி குறைந்தால் புள்ளி தருகிறார்கள். இந்த இரண்டு மணி நேரம் எந்த மீட்டரில் ஏறும்?

தண்ணீர் மிச்சத்துக்குப் புள்ளி வாங்கித் தருவது கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி. அதில் தேங்கும் விஷவாயுவும் அந்தக் கட்டடத்துக் காற்றுதானே? கவசமின்றி ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடுக்கிறது. சாவுக்கு இழப்பீடு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது; 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இறங்குகிறவன் எந்தச் சேரி என்று இந்த இதழின் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தோழர்களே, கீழ்க்கட்டளை சந்திப்பில் விடிகாலையில் நின்று பாருங்கள். ரேடியல் ரோடு வழியாகத் துரைப்பாக்கம் கம்பெனிகளுக்குக் கூட்டப் போகிற பெண்களைக் கேளுங்கள். உட்கார நாற்காலி உண்டா? (2021லேயே தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத் திருத்தம் வந்தாச்சு.) எந்தக் கக்கூஸ்? எந்த லிஃப்ட்? சாப்பிடுவது எங்கே? அவர்கள் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். ஆள் பேர், கம்பெனிப் பேர் வேண்டாம், வேலை போய்விடும். அடுத்த இதழில் பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.