"அழிச்சாச்சுதானே அண்ணை"

எங்கட ஒழுங்கை முகப்பில ஒரு அண்ணை பலசரக்குக் கடை வைச்சிருக்கிறார். பக்கத்தில பள்ளிக்கூடம். இடைவேளை மணி அடிச்சால் ரோல்ஸ், ஐஸ்பழம் என்று பிள்ளைகள் கடையை மொய்த்துவிடும். போன வருஷம் ஒருநாள் பின்னேரம் உள்ளூர்ச் செய்தித்தளம் ஒன்று, மாணவர்களுக்குப் போதைப்பாக்கு விற்ற வர்த்தகர் சிக்கினார் என்று செய்தி போட்டது. படத்தில் இருந்தது அண்ணையின் கடை. பொலிஸ் சோதனை நடந்தது உண்மைதான். ஆனால் அது நடந்தது இரண்டு சந்தி தள்ளி, வேறொரு கடையில்.

அண்ணை அவர்களுக்கு போன் எடுத்தார். அடுத்தநாள் விடிய செய்தியைக் காணவில்லை. "பிழை என்று ஒரு திருத்தம் போடுங்கோவன் தம்பி" என்று திரும்பவும் கேட்டார். வந்த பதில்: "அழிச்சாச்சுதானே அண்ணை, பிறகென்ன?"

பிறகுதான் எல்லாமே நடந்தது. ஸ்கிரீன்ஷொட் வட்ஸ்அப் குறூப்புகளில் சுற்றியது. கனடாவில் இருக்கிற அவரின் தங்கச்சி அழுதுகொண்டு போன் எடுத்தா. பெற்றோர் பிள்ளைகளை அந்தப் பக்கம் போக விடவில்லை. உண்மையோ பொய்யோ என்று பார்க்க லிங்கை அமத்தினவைக்கு வெறும் பக்கம்தான் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு ஊர் சொன்னது: "காசு குடுத்து எடுப்பிச்சிட்டான்."

நான் சொல்ல வருவது இதுதான். அழிப்பது வேறு, திருத்துவது வேறு. அழித்தால் செய்தி போட்டவர் தப்பிக்கிறார். திருத்தினால்தான் பாதிக்கப்பட்டவர் தப்பிக்கிறார். எங்கட நாட்டுச் சட்டம் இந்த வித்தியாசத்தை இன்னும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு கடைக்காரருக்கே இப்படி என்றால், நாடு முழுக்கப் போன ஒரு பொய்யை யோசித்துப் பாருங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு அடுத்த மாதம், ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு அவர்களுக்கே தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று. சில நாட்களில் குருநாகல் போதனா வைத்தியசாலையில் வேலை செய்த வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஜூலையில் பிணையில் வந்தார். 2022 இல் அவருக்குச் சம்பள நிலுவை கிடைத்தபோது, அந்தக் காசை மருந்துத் தட்டுப்பாட்டில் இருந்த வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்தார். 4,000 என்ற எண் இன்றைக்கும் எத்தனையோ பேருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்குப் பிறகு நடந்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

சரி, பாதிக்கப்பட்ட ஒருவர் இலங்கையில் என்ன செய்யலாம்?

முதலாவது வழி, மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. இது உரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் வருவது. சட்டத்தரணி, கடிதம், தவணை, திரும்பவும் தவணை. கடையைப் பூட்டிவிட்டு வழக்குக்கு அலைய அண்ணையால் ஏலுமா? வென்றால் காசு கிடைக்கலாம். ஆனால் அவர் கேட்டது காசு இல்லை, இரண்டு வரித் திருத்தம்.

முன்பு அவதூறு ஒரு குற்றமாகவும் இருந்தது. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்தப் பகுதியை 2002 இல் பாராளுமன்றம் நீக்கியது. அது நல்ல காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஜனாதிபதி சந்திரிகாவைப் பற்றி எழுதப்பட்ட ஒரு பத்திக்காக சண்டே டைம்ஸ் ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்க 1997 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். அந்தச் சட்டம் யாருக்கு உதவியது என்பது இதிலேயே விளங்கும். கடைக்காரருக்கு அல்ல.

இரண்டாவது வழி, 1973 ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம். பொய்யான, திரிக்கப்பட்ட செய்தி வந்தால் விசாரித்துவிட்டு, திருத்தம் போடு, மன்னிப்புக் கேள் என்று உத்தரவிடும் அதிகாரம் பேரவைக்கு இருக்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உறுப்பினர்களை நியமிப்பது ஜனாதிபதி. அதே சட்டத்தில் அமைச்சரவை விஷயங்களை எழுதினால் தண்டிக்கிற பிரிவுகளும் இருக்கின்றன. அதனால் ஊடகக்காரர்கள் அதை நம்புவதில்லை. அதோடு அது அச்சுப் பத்திரிகைகளை மனதில் வைத்து எழுதிய சட்டம். போனில் செய்தி படிக்கிற எங்களுக்கு அது அரைவாசி உலகம்தான்.

மூன்றாவது, 2003 இல் தொடங்கிய பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு. இது பத்திரிகைத்துறையே தனக்கு வைத்த ஒழுங்கு. பிழை போனால் உடனேயும் உரிய முக்கியத்துவத்தோடும் திருத்த வேண்டும் என்று ஆசிரியர்களின் ஒழுக்கக்கோவை சொல்கிறது. உரிய முக்கியத்துவம் என்றால் என்ன? முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்த பொய்க்கு, ராசிபலனுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் "வருந்துகிறோம்" என்று ஒரு பெட்டி போட்டால் அது திருத்தமா?

நாலாவது, 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டம். பொய்யான கூற்று என்று ஜனாதிபதி நியமிக்கிற ஓர் ஆணைக்குழு கண்டால், அதை நிறுத்தச் சொல்லலாம், முடக்கச் சொல்லலாம். சிறைத் தண்டனையும் இருக்கிறது. விமர்சனத்தை அடக்க இது உதவும் என்று ஊடக, மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன. எனக்கு இன்னொரு கவலையும் இருக்கு. இதன் முதல் யோசனையே அழிப்புதான். அண்ணைக்குக் கிடைத்ததும் அந்த அழிப்புத்தானே?

வேறு மாதிரியும் செய்யலாம். பிரான்ஸின் 1881 ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின்படி, பெயர் சொல்லி எழுதப்பட்டவர் பதில் அனுப்பினால், நாளிதழ் அதை மூன்று நாளுக்குள் போட வேண்டும். மூலச் செய்தி வந்த அதே இடத்தில், அதே எழுத்தளவில், காசு வாங்காமல். எங்களுக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன்-டச்சு மரபிலேயே இதற்கு ஓர் உறவுக்காரன் இருந்தது: சொன்னதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்கிற பரிகாரம். தென்னாபிரிக்காவில் மறந்து கிடந்த அதை 2002 இல் ஒரு நீதிமன்றம் தூசி தட்டி எடுத்தது.

இதுக்கு எதிர்ப்பும் இருக்கிறது, லேசான எதிர்ப்பு இல்லை. புளோரிடாவில் இப்படிப் பதிலுரிமை கொடுத்த ஒரு சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1974 இல் செல்லாது என்றது. பத்திரிகையில் என்ன வர வேண்டும் என்று அரசு சொல்ல முடியாது என்பதுதான் காரணம். எங்கட நாட்டில், அதுவும் தமிழ்ப் பத்திரிகையாளர்கள் உயிரைக் கொடுத்து எழுதிய நாட்டில், இந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டன். நாளைக்கு ஒரு அமைச்சர் தனக்குப் பிடிக்காத ஒவ்வொரு கட்டுரைக்கும் பதில் அனுப்பத் தொடங்கினால்?

அதனால்தான் நான் கேட்பது சின்ன விஷயம். கருத்துக்கு அல்ல, பிழை என்று காட்டக்கூடிய தகவலுக்கு மட்டும் திருத்த உரிமை. பொய் வந்த இடத்திலேயே, அதே அளவில், சில நாட்களுக்குள். இணையத்தில் என்றால் செய்தியை அழிக்காமல், எது பிழை, எப்போது திருத்தினோம் என்று மேலேயே எழுத வேண்டும். தீர்ப்புச் சொல்கிற சபையை ஜனாதிபதி நியமிக்கக் கூடாது. ஒருவரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது. ஒழுங்காகத் திருத்தியவருக்கு வழக்கில் நட்டஈடு குறைய வேண்டும். அப்போது திருத்துவது ஆசிரியருக்கும் லாபம்.

சட்டம் வரும்வரைக்கும் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. அந்தச் செய்தி எங்கட கம்பஸ் பற்ச் குறூப்பிலும் வந்தது. படத்தைப் பார்த்த உடனேயே அது எந்தக் கடை என்று எனக்குத் தெரியும். பொலிஸ் போனது வேறு கடைக்கு என்று அன்றிரவே வீட்டில் கதைத்தார்கள். ஆனாலும் குறூப்பில் ஒரு வரி நான் எழுதவில்லை. ஏன் தேவையில்லாத பிரச்சினை என்று போனை வைத்துவிட்டேன். பொய்யை ஷெயார் பண்ணின ஆக்களில் நான் இல்லை என்று சொல்லலாம். திருத்தாத ஆக்களில் இருக்கிறேன்.

அண்ணையின் கடையில் இப்ப பிள்ளைகள் திரும்பவும் நிக்குதுகள். முந்தியளவு இல்லை. போன கிழமை நான் சீனி வாங்கப் போனபோது, அந்தக் கதையைப் பற்றி எழுதப்போறன் என்று சொன்னேன். "எழுது தம்பி. ஆனா கடைப் பேரைப் போடாத" என்றார்.

பிழையே செய்யாத மனிசன், தன் பெயர் வெளியில் வரக்கூடாது என்று பயப்படுகிறார்.