வலையை விட்ட கிராமம்... செலவை யார் ஏற்பது? நாகாலாந்தின் அமூர் ஃபால்கன் கணக்கு

2012 அக்டோபர். நாகாலாந்தின் வோக்கா மாவட்டம், தோயாங் நீர்த்தேக்கம். சுற்றியுள்ள மரங்களுக்கு இடையே மீன் வலைகள். மாலையில் அடைய வரும் பறவைகள் அதில் சிக்கும். உயிரோடு விற்க, அவற்றைக் கொசுவலைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். இதைப் படம்பிடித்து வெளியிட்ட 'கன்சர்வேஷன் இந்தியா' குழுவின் மதிப்பீட்டில், அந்த ஒரு சீசனில் கொல்லப்பட்டவை 1.2 லட்சம் முதல் 1.4 லட்சம் வரை.

அடுத்த ஆண்டு அதே இடத்தில் வலைகள் காணாமல் போயின.

எப்படி? 'விழிப்புணர்வு' என்ற ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவது நம்ம வழக்கம். ஆனால் விஷயம் அவ்வளவு ஈஸி இல்லை.

முதலில் பறவை. அமூர் ஃபால்கன், புறாவை விடச் சின்னதாக இருக்கும் வல்லூறு இனம். எடை சுமார் 150 கிராம்தான். சைபீரியாவின் தென்கிழக்கிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகும். வழியில் அரபிக்கடல், இறங்க இடமே கிடையாது. அதனால் வடகிழக்கு இந்தியாவில் சில வாரம் தங்கி, ஈசல்களைத் தின்று கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். (ஈசலை வறுத்துச் சாப்பிட்டவர்களுக்கு அதில் எவ்வளவு கொழுப்பு என்று தெரியும்.)

வலை போட்டவர்களை வில்லனாக்குவது சுலபம். ஆனால் தோயாங் அணை வந்தபோது மூழ்கியது அவர்களின் விளைநிலம். விவசாயம் போய் மீன்பிடித் தொழில் வந்தது. பிறகு அந்த மீன் வலையே பறவைக்கும் வலை ஆச்சு. வருஷத்தில் சில வாரம் கிடைத்த அந்தக் காசு, பல வீடுகளுக்கு முக்கியமான வருமானம்.

சட்டம் இல்லையா? இருந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. ஆனால் நாகாலாந்தில் காட்டின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமில்லை. கிராமங்களுக்கும் குலங்களுக்கும் சொந்தம். நில உரிமைக்கு அரசியலமைப்பின் 371ஏ பிரிவு தனிப் பாதுகாப்பு தருகிறது. வனத்துறை வேலி போட்டு 'உள்ளே வராதே' என்று சொல்ல முடியாது. ஊர் ஒத்துக்கொண்டால்தான் உண்டு.

ஒத்துக்கொண்டது. பங்டி, ஆஷா, சுங்க்ரோ கிராம சபைகள் வேட்டைக்குத் தடை போட்டன. பத்திரிகையாளர் பானோ ஹராலுவின் அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூழல் மன்றங்கள் தொடங்கியது, சர்ச்சுகளும் பேசின. வெளியிலிருந்து நன்கொடை வந்தது. சில குடும்பங்களுக்குக் கோழி வளர்க்க உதவி கிடைத்தது. 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பங்டி என்று பெயர் வைத்தார்கள். தன் ஊர்ப் பெயரில் ஒரு பறவை கடல் தாண்டுகிறது என்றால், அந்த ஊருக்கு அது வெறும் பறவை இல்லையே.

இதுவரை எல்லோரும் ஷேர் செய்யும் கதை. சிக்கல் இதற்குப் பிறகுதான்.

நன்கொடை பெரும்பாலும் அதிர்ச்சிப் படம் வைரலாகும்போது வருகிறது. கிராமத்தின் இழப்போ வருஷா வருஷம். சுற்றுலா இருக்கிறதே என்பார்கள். சரி, ஹோம்ஸ்டே நடத்த வீட்டில் கூடுதல் அறை வேண்டும். பறவை இருப்பதே சில வாரம்தான். வலையை மட்டும் நம்பியிருந்தவரிடம் அந்த அறை இருக்கும் என்று எப்படிச் சொல்வது? இழந்தவர் ஒருவர், சம்பாதிப்பவர் வேறொருவர் என்றால் ஊர் ஒற்றுமை எத்தனை சீசன் தாங்கும்?

ஆகவே இந்தப் பணத்தைப் பரிசு மாதிரிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இரவுக் காவலுக்குப் போகும் இளைஞருக்குச் சம்பளம், பறவைகள் அடையும் நிலத்தின் உரிமையாளருக்கு வாடகை, வலையை விட்ட குடும்பத்துக்கு மாற்றுத் தொழில். மூன்றும் மாநில பட்ஜெட்டிலேயே தனி வரியாக வரட்டும். நன்கொடையாளர்கள் ஒரு சீசனுக்குப் பதில் ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்துப் போடட்டும். பணம் கிராம சபை வழியாகப் போய், கணக்கு ஊர் நடுவே வாசிக்கப்படட்டும். அதுவும் அக்டோபரில் பறவை வந்த பிறகு இல்லை, செப்டம்பரிலேயே.